மேகம் செய்தவர்கள், நிழல் படித்தவர்கள்

ஜெர்மனியில் மியூனிக் நகருக்கு வடக்கே கார்ஷிங் என்றொரு ஊர். அங்கிருக்கும் மாக்ஸ் பிளாங்க் புறவெளி இயற்பியல் நிறுவனம் 1963-இல் தொடங்கியபோது அதன் முதல் பெரிய வேலை மேகம் செய்வது. மெய்யாகவே மேகம். ராக்கெட்டின் தலையில் பேரியத்தையும் செப்பு ஆக்சைடையும் கலந்து அடைப்பார்கள். தரை இருட்டி, உயரத்தில் மட்டும் வெயில் மிச்சமிருக்கும் அந்தி வேளை பார்த்து ராக்கெட் கிளம்பும். இருநூறு கிலோமீட்டர் உயரத்தில் கலவை பற்றிக்கொள்ளும். ஆவியான பேரியம் முதலில் பச்சையாகப் பூத்து விரியும். வெயில் பட்டு எலக்ட்ரானை இழந்த அணுக்கள் சில நொடிகளில் ஊதா நிறத்துக்கு மாறிப் பச்சையிலிருந்து பிரியும். பிறகு புவியின் காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு நூல் நூலாக நீளும். கண்ணுக்குத் தெரியாத காந்தப் புலத்தைக் கீழே நிற்பவர்கள் நிமிர்ந்து பார்க்கலாம்.

நம் வானியல் மன்றத்தின் மலருக்கு ஓர் ஆய்வு நிறுவனத்தின் வரலாற்றை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது, எனக்கு வேறு பெயர் எதுவும் நினைவுக்கு வரவில்லை. நாற்பது ஆண்டுகளாக இயற்பியல் நடத்துகிறேன். கார்ஷிங்கிலிருந்து வந்த ஒரு படம் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. ஒரு முகிலின் நிழற்படம் அது. ஒளிரும் மேகத்தைச் செய்து தொடங்கியவர்கள், கால் நூற்றாண்டு கழித்து வானத்து முகில்களின் நிழலைப் படித்து நம் விண்மீன் மண்டலத்தைப் பற்றிய ஒரு கருத்தையே மாற்றினார்கள். இந்த நிறுவனத்தின் வரலாற்றை நான் அந்த நிழலிலிருந்துதான் பார்க்கிறேன்.

முதலில் தொடக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். 1950களின் தொடக்கத்தில் லுட்விக் பீர்மான் என்ற ஜெர்மன் வானியலாளர், வால்மீன்களின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே நீள்வதைப் பார்த்து, சூரியனிலிருந்து துகள்கள் இடைவிடாமல் வீசிக்கொண்டிருக்க வேண்டும் என்று கணித்தார். அதை இன்று நாம் சூரியக் காற்று என்கிறோம். வால்மீன் வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும், நாமே ஒரு வாலைச் செய்து விட்டுப் பார்த்தால் என்ன என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் பேரியம் சோதனை. அதை நடத்தப் புது நிறுவனத்துக்குத் தலைவராக வந்தவர் ரைமார் லூஸ்ட். அப்போது அது தனி நிறுவனம் அல்ல. ஹைசன்பர்க் தலைமையிலிருந்த மாக்ஸ் பிளாங்க் இயற்பியல், வானியற்பியல் நிறுவனத்தின் ஒரு கிளை. சகாராவிலிருந்தும் ஸ்வீடனின் வடகோடியிலுள்ள கிரூனாவிலிருந்தும் மேகங்கள் எழும்பின. 1960களின் இறுதியில் நம் பக்கத்து மாநிலத்துத் தும்பாவிலிருந்தும் எழும்பின. நிலநடுக்கோட்டுக்கு அருகே மேல்வளிமண்டலத்தில் காற்று எப்படி ஓடுகிறது என்று அவற்றை வைத்து அளந்தார்கள். அந்த அளவீடுகளைக் கொண்டு இந்திய, ஜெர்மன் ஆய்வாளர்கள் சேர்ந்து பின்னர் கட்டுரை எழுதினார்கள்.

1972-இல் லூஸ்ட் மாக்ஸ் பிளாங்க் சங்கத்துக்கே தலைவராகப் போனார். பிறகு ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தை வழிநடத்தினார். கார்ஷிங்கில் கெர்ஹார்ட் ஹேரண்டல் பிளாஸ்மா ஆய்வைத் தொடர்ந்தார். கிளாவுஸ் பிங்காவ் காமாக் கதிர் வானியலை வளர்த்தார். ரைன்ஹார்ட் கென்ட்செல் 1986-இல் வந்து, விண்மீன் மண்டல மையத்துக் கருந்துளையைத் தொடர்ந்து அளந்து 2020-இல் நோபல் பரிசு பெற்றார். இவர்கள் ஒவ்வொருவருக்கும் தனிக் கட்டுரை வேண்டும். நான் 1975-இல் வந்த யோவாகிம் ட்ரூம்பரிடம் நின்றுவிடுகிறேன்.

ட்ரூம்பர் எக்ஸ்-கதிர்க்காரர். அவர் முன்வைத்த திட்டம்தான் ரோசாட் செயற்கைக்கோள். பெயரில் இருப்பது ராண்ட்கன். எக்ஸ்-கதிரை 1895 நவம்பர் 8-ஆம் தேதி வூர்ட்ஸ்பர்க்கில் கண்டுபிடித்த அவர் தம் கடைசிக் காலத்தை மியூனிக்கில்தான் கழித்தார். ராண்ட்கன் எடுத்த முதல் புகழ்பெற்ற படமே ஒரு நிழல்தான். மனைவியின் கை எலும்புகளும் மோதிரமும் கதிரைத் தடுத்ததால் விழுந்த நிழல். வகுப்பில் எக்ஸ்-கதிர் பாடம் வரும்போதெல்லாம் ஒரு பழைய எக்ஸ்ரே பிலிமை ஜன்னலோரம் பிடித்துக் காட்டுவேன். கதிர் பட்ட இடம் பிலிமில் கறுத்திருக்கும், எலும்பு தடுத்த இடம் வெளுத்திருக்கும். மருத்துவர் படிப்பது கதிர் வந்த இடத்தை அல்ல, வராத இடத்தை. மாணவர்களுக்கு அது உடனே புரிந்துவிடும். கையிருக்கும் இடத்தில் ஒரு முகிலை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் ரோசாட்டின் கதைக்குள் போவேன்.

எக்ஸ்-கதிருக்கு ஆடி செய்வது எளிதல்ல. நேராக வந்து மோதும் கதிரை எந்தக் கண்ணாடியும் திருப்பி அனுப்பாது. ஏரி நீரில் தட்டைக் கல்லைச் சாய்த்து எறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அதுபோல மிகச் சிறிய கோணத்தில் உராய்ந்து போகும் கதிரை மட்டுமே திருப்ப முடியும். ரோசாட்டின் ஆடி, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய நான்கு குழல் அடுக்குகள். வெளிக்குழலின் வாய் 80 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். வெப்பத்தில் விரியாத கண்ணாடிப் பீங்கானைக் குடைந்து, மெருகேற்றி, உட்புறம் தங்கம் பூசினார்கள். மெருகேற்றியது கார்ல் சைஸ் நிறுவனம். அந்தப் பரப்பில் மேடு பள்ளம் 0.3 நானோமீட்டர்தான், அணு ஒன்றின் அளவை ஒட்டியது. அதைச் சோதித்துப் பார்க்க மியூனிக்குக்கு அருகே நாய்ரீடில் 130 மீட்டர் நீளத்துக்கு ஒரு வெற்றிடக் குழாய் கட்டினார்கள். ஒரு முனையில் எக்ஸ்-கதிர் மூலம், மறுமுனையில் ஆடி. விண்மீனிலிருந்து வரும் கதிர் இணையாக வரும். பூமியில் அதற்கு ஈடு செய்ய வேண்டுமானால் மூலத்தை இயன்ற மட்டும் தள்ளி வைப்பதுதான் வழி.

அந்த ஆடியின் குவியத்தில் வைத்த உணர்கருவியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆர்கான், ஸெனான், மீத்தேன் கலந்த வாயு நிரப்பிய பெட்டி. உள்ளே மெல்லிய கம்பிகளின் வரிசை. கதிர் ஒன்று உள்ளே வந்து வாயு அணுவில் மோதினால் எலக்ட்ரான்கள் தெறிக்கும். எந்தக் கம்பியில் எவ்வளவு மின்துடிப்பு என்று பார்த்து, கதிர் எங்கிருந்து வந்தது, அதன் ஆற்றல் எவ்வளவு என்று கணக்கிடலாம். சிக்கல் பெட்டியின் ஜன்னலில் இருந்தது. வாயு வெளியேறக் கூடாது, கதிர் மட்டும் உள்ளே வர வேண்டும். அதற்கு இழுத்துக் கட்டிய படலம் பாலிப்ரொப்பிலீன், நம் ஊரில் உரச்சாக்கு நெய்கிற அதே பொருள். தடிமன் ஒரு மைக்ரான். கம்பி வலை தாங்கலில் அது வாயு அழுத்தத்தைப் பொறுத்துக்கொண்டு விண்வெளியில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தது. அந்தப் படலத்திலிருந்த கரிமமும் ஒரு நன்மை செய்தது. 0.28 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் சற்றுத் தொலைவுவரை கரிமம் கதிரை விழுங்கிவிடும், அதற்குக் கீழே விட்டுவிடும். அதனால் ‘கால் கே.இ.வி.’ என்று இத்துறையினர் சொல்லும் மிக மென்மையான எக்ஸ்-கதிர்ப் பட்டை தனியாகப் பிரிந்து கிடைத்தது. இனி வரும் நிழல்கள் பெரும்பாலும் அந்தப் பட்டையில் விழுந்தவை.

அமெரிக்க விண்ணோடத்தில் ஏற்றுவதாகத்தான் முதல் திட்டம். 1986-இல் சாலஞ்சர் விபத்து நடந்தது. ஏழு பேர் மாண்ட அந்த நாளுக்குப் பிறகு எல்லாக் கணக்கும் மாறிப்போக, ரோசாட்டை டெல்டா ராக்கெட்டுக்கு ஏற்றபடி மாற்றி அமைத்தார்கள். 1990 ஜூன் 1-ஆம் தேதி கேப் கனாவெரலிலிருந்து கிளம்பியது. ஒன்றரை ஆண்டு உழைத்தால் போதும் என்று செய்த கோள் எட்டு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. முதல் ஆறு மாதம் வானம் முழுவதையும் வரிவரியாக வருடியது. படம் எடுக்கும் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியால் வானம் முழுவதும் அளக்கப்பட்டது அதுவே முதல் முறை.

இப்போது கேள்விக்கு வருகிறேன். 1962 ஜூன் 18-ஆம் தேதி இரவு ரிக்கார்டோ ஜியாக்கோனியும் அவர் குழுவினரும் நிலாவிலிருந்து எக்ஸ்-கதிர் வருகிறதா என்று பார்க்க நியூ மெக்சிகோவிலிருந்து ஒரு ராக்கெட் விட்டார்கள். நிலா அகப்படவில்லை. விருச்சிகத்தில் ஒரு பெரும் எக்ஸ்-கதிர் மூலம் அகப்பட்டது. கூடவே, எந்தத் திசையில் பார்த்தாலும் வானம் மங்கலாக எக்ஸ்-கதிரில் ஒளிர்வதும் தெரிந்தது. எக்ஸ்-கதிர்ப் பின்னணி என்று அதற்குப் பெயர் விழுந்தது. 1968 வாக்கில் கால் கே.இ.வி. பட்டையிலும் இப்படி ஒரு பரவிய ஒளி இருப்பது தெரியவந்தது. பத்து லட்சம் டிகிரி வெப்பமுள்ள வாயு தரும் ஒளி அது. அந்த வாயு எங்கே இருக்கிறது? விண்மீன் மண்டலத்தின் தட்டுக்கு வெளியே ஒளிவட்டம் போலச் சூழ்ந்திருக்கிறதா, அல்லது சூரியனைச் சுற்றியே, நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறதா?

இந்தக் கேள்வி கடினமானதற்குக் காரணம் உண்டு. எக்ஸ்-கதிர்ப் பின்னணியில் தொலைவு எழுதியிருக்காது. ஒரே மங்கல் வெளிச்சம், அவ்வளவுதான். கொடைக்கானல் பாதையில் பனி இறங்கிய இரவில் நின்றவர்களுக்கு இது தெரியும். வெளிச்சம் தெரியும், அது எதிரிலிருக்கும் டீக்கடையினுடையதா, அடுத்த வளைவில் வரும் பேருந்தினுடையதா என்று தெரியாது. இடையில் எந்த இடத்தில் பனித்திரை நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் விடை கிடைத்துவிடும். திரைக்கு முன்னாலிருக்கும் விளக்கைத் திரை ஒன்றும் செய்யாது. பின்னாலிருப்பது மங்கும். விண்வெளியில் அந்தத் திரை முகில். தொலைவு தெரிந்த ஒரு முகில், அதற்குப் பின்னால் கதிர் குறைகிறதா, இல்லையா. கேட்க வேண்டியது இவ்வளவே.

முகில் எப்படித் தடுக்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்கலாம். கண்ணால் காணும் ஒளியை விண்மீனிடை முகில்களில் தடுப்பது தூசு. எட்வர்ட் எமர்சன் பர்னார்டு படமெடுத்துப் பட்டியலிட்ட கரும்புள்ளிகளில் 68-ஆம் எண்ணுடையதை எடுத்துக்கொள்ளுங்கள். பாம்பாட்டி விண்மீன் குழுவில் மை கொட்டியதுபோல நிற்கும். நடுவில் ஒரு விண்மீன்கூடத் தெரியாது. வானத்தில் விண்மீன் இல்லாத ஓட்டை என்றுதான் பழைய வானியலாளர்கள் இப்படிப்பட்ட இடங்களை நினைத்தார்கள். ஓட்டை அல்ல, திரை. மென் எக்ஸ்-கதிரைத் தடுப்பதோ தூசு அல்ல, வாயு. கதிர் ஓர் அணுவில் மோதி, எலக்ட்ரானைப் பிய்த்தெறிந்து, அத்துடன் தானும் அழிந்துபோகிறது. கால் கே.இ.வி. ஆற்றலில் இந்த வேலையைப் பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும் செய்கின்றன. ஆற்றல் கூடக்கூட அவற்றின் பிடி விட்டுப்போய், கரிமம், ஆக்சிஜன், இரும்பு போன்ற கனமான அணுக்கள் பொறுப்பேற்கின்றன. ஆனாலும் மொத்தத் தடை மளமளவென்று குறைகிறது. ஆற்றல் இரட்டித்தால் தடை ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இடையிடையே ஒவ்வொரு தனிமத்துக்கும் உரிய இடத்தில் ஒரு படி ஏறி இறங்கும்.

எண்ணாகப் பார்த்தால் வியப்பு வரும். முகிலுக்குள் ஒரு சதுர சென்டிமீட்டர் வாயுடைய ஒரு நெடுந்தூணைக் கற்பனை செய்யுங்கள். முகிலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை, ஒளியாண்டுக் கணக்கில் நீளம். அதற்குள் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் ஒன்றுக்குப் பின் இருபது சுழியம் போட்ட எண்ணிக்கையில் இருந்தால் போதும், கால் கே.இ.வி. கதிரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அங்கேயே நின்றுவிடும். அந்தத் தூணிலுள்ள ஹைட்ரஜன் முழுவதையும் நிறுத்தால் ஒரு மில்லிகிராமில் ஆறில் ஒரு பங்கு. உங்கள் சுண்டுவிரல் நகத்தின்மேல் ஒன்றரை மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் காற்றின் எடை அது. நம் நுரையீரலுக்குக் காற்று என்றுகூட உறைக்காத ஓர் அளவு, இந்தக் கதிருக்குச் சுவர். கண்ணொளிக்கு அதே முகில் சல்லாத்துணி, பின்னாலுள்ள அண்டங்கள்கூட ஊடே தெரியும். இதற்கு நேர்மாறாக, கண்ணொளிக்கு முழு இருட்டான பர்னார்டு 68-ஐ ஐந்து கே.இ.வி. அளவுள்ள வன் எக்ஸ்-கதிர் பெரிய சேதமின்றிக் கடந்துவிடும். ஒரு முகில் இருண்டதா இல்லையா என்பது எந்த ஒளியில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

நிழல் தேடும் முயற்சி ரோசாட்டுக்கு முன்பே நடந்திருக்கிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு 1970களில் ராக்கெட்டில் உணர்கருவியை அனுப்பிச் சிறிய மெகல்லன் முகில் என்னும் அண்டத்தின் திசையில் பார்த்தது. பின்னணி மிகத் தொலைவிலிருந்து வந்தால் அந்த அண்டத்தின் வாயு அதை மறைக்க வேண்டும். நிழல் விழவில்லை. இதையும் வேறு சான்றுகளையும் வைத்து, கால் கே.இ.வி. ஒளி பெரும்பாலும் நமக்குப் பக்கத்திலிருந்தே வருகிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். சூரியனைச் சுற்றிச் சில நூறு ஒளியாண்டு அகலத்துக்குக் குளிர்ந்த வாயு இல்லாத ஒரு குழிவு இருக்கிறது, அதை வெப்ப வாயு நிரப்பியிருக்கிறது என்றார்கள். அதற்கு ‘உள்ளூர் வெப்பக் குமிழி’ என்று பெயர். குளிர் வாயு விலகி நிற்கும் திசையில் குமிழி நீண்டிருக்கும், அங்கே ஒளி அதிகம் என்று 1990-இல் இந்தக் கருத்தைச் செப்பமாக எழுதியவர்களில் ஒருவர் ஸ்டீவ் ஸ்னோடன். விஸ்கான்சினில் பயின்று, ரோசாட் பணிக்காகக் கார்ஷிங்குக்கு வந்திருந்தவர்.

ரோசாட் பார்த்த இடங்களில் டிராக்கோ முகிலும் ஒன்று. விண்மீன் மண்டலத் தட்டிலிருந்து மிக உயரத்தில் நிற்பது. இன்றைய அளவுப்படி நம்மிடமிருந்து ஏறத்தாழ 1,500 ஒளியாண்டு. குமிழியின் சுவரைத் தாண்டி வெகுதூரத்தில் இருப்பது அன்றைக்கே தெரிந்திருந்தது. எல்லா ஒளியும் குமிழிக்குள்ளிருந்து வருகிறது என்றால் அதற்கு அப்பால் நிற்கும் முகிலால் எந்த நிழலும் விழக் கூடாது. டீக்கடை விளக்கைக் கடைக்குப் பின்னால் கிடக்கும் பனி மறைக்காது.

நிழல் விழுந்திருந்தது. மங்கலாகக்கூட அல்ல. என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த படம் அதுதான். எக்ஸ்-கதிர் வானத்தில் ஒரு கரிய தழும்பு. அதன்மேல் மெல்லிய கோடுகள், முகிலின் தூசு எங்கே எவ்வளவு செறிந்திருக்கிறது என்று அகச்சிவப்பில் அளந்து வரைந்த சமக்கோடுகள். கோடுகள் நெருங்கும் இடத்தில் கருமை ஆழ்கிறது. கோடு வளையும் இடத்தில் கருமையும் வளைகிறது. ஒரு முனையில் முகில் கிழிந்து தொங்குகிறது, நிழலும் அங்கே கிழிந்து தொங்குகிறது. அச்செடுத்துக் கொடுத்த நண்பரிடம் முதலில் நான் கேட்டது, இரண்டும் வேறு வேறு செயற்கைக்கோள்கள் எடுத்தவைதானா என்று. அந்தத் திசையில் வரும் கால் கே.இ.வி. ஒளியில் ஏறத்தாழ பாதி, முகிலுக்கு அப்பாலிருந்து வருகிறது.

ஸ்னோடனும் பான் நகர ரேடியோ வானியலாளர் உல்ரிஷ் மேபோல்ட்டும் சகாக்களும் இதை 1991-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். அதே ஆண்டு, அதே முகிலின் நிழலை பென்சில்வேனியாவைச் சேர்ந்த டேவிட் பரோசும் ஜெஃப்ரி மெண்டன்ஹாலும் தனியாகக் கண்டு ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். ஸ்னோடன் செய்ததை நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. எல்லாம் குமிழிதான் என்று முந்தைய ஆண்டு எழுதியவர், எல்லாம் குமிழி அல்ல என்று காட்டும் கட்டுரைக்கு முதல் பெயராக நின்றார். குமிழி பொய்யாகிவிடவில்லை. மீதிப் பாதி ஒளி இன்னும் முகிலுக்கு முன்னால்தான் இருந்தது. ஆனால் விண்மீன் மண்டலத்தைச் சுற்றி ஒளிவட்டம் போல வெப்ப வாயு நிற்கிறது என்பதற்கு ஒரு நிழல் சாட்சி சொல்லிவிட்டது. அதே 1991-இல்தான் கார்ஷிங் நிறுவனம் தாய் நிறுவனத்திலிருந்து பிரிந்து தனி நிறுவனமானது.

நிழலைத் தவறாகப் படிக்கவும் முடியும். எம்.பி.எம். 12 என்ற முகிலை எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னால் எவ்வளவு ஒளி, பின்னால் எவ்வளவு என்று 1993-இல் பிரித்தார்கள். அப்போது அந்த முகில் 200 ஒளியாண்டுக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் இருப்பதாக நம்பப்பட்டது. பின்னால் அளந்தவர்கள் அது 800 ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது என்றார்கள். எடுத்த அளவு சரி, திரை நின்ற இடம் மாறிவிட்டது. முகில்களின் தொலைவை அளப்பது எவ்வளவு சலிப்பான வேலையோ அவ்வளவு இன்றியமையாத வேலை என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

தொலைவில் ஐயமே இல்லாத திரை ஒன்று நமக்கு இருக்கிறது. நிலா. 1990 ஜூன் 29-ஆம் தேதி ரோசாட் நிலாவைப் பார்த்தது. ஜியாக்கோனி தேடிய நிலா, இருபத்தெட்டு ஆண்டு கழித்து எக்ஸ்-கதிரில் படமாக வந்தது. வெயில் படும் பக்கம் ஒளிர்ந்தது. வெயில் படாத பக்கம், சுற்றியுள்ள வானத்தைவிட இருண்டு நின்றது. பின்னணி ஒளியை நிலா மறைக்கிறது, ஆகவே அந்த ஒளி நிலாவுக்கு அப்பாலிருந்து வருகிறது. இதுவரை எல்லாம் எதிர்பார்த்தபடி. ஆனால் இருண்ட பக்கம் முழு இருட்டாக இல்லை. கொஞ்சம் கதிர் இருந்தது. பாறைக்குள் புகுந்து வந்திருக்க முடியாது. அப்படியானால் நமக்கும் நிலாவுக்கும் இடையிலேயே எக்ஸ்-கதிர் எழுகிறதா? ரோசாட் வானம் முழுவதையும் வருடிய அளவுகளில் வேறொரு தொல்லையும் இருந்தது. சில நாட்கள் பின்னணி காரணமின்றி ஏறும், பிறகு இறங்கும். வரைபடம் வரையும்போது அதைக் கழித்துவிட்டு மேலே போனார்கள்.

விடை ஒரு வால்மீனிடமிருந்து வந்தது. 1996 மார்ச் 27-ஆம் தேதி, பூமிக்கு அருகே வந்திருந்த ஹயாகுடகே வால்மீனை நோக்கி ரோசாட்டைத் திருப்பினார்கள். பனிக்கட்டியும் தூசியுமான அந்தக் குளிர்ந்த பொருள் எக்ஸ்-கதிரில் பளிச்சென்று ஒளிர்ந்தது. சூரியக் காற்றில் எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன், கரிம அயனிகள் வருகின்றன. அவை வால்மீனின் வாயுவிலிருந்து எலக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும்போது எக்ஸ்-கதிர் உமிழ்கின்றன என்று அடுத்த ஆண்டு தாமஸ் கிரேவன்ஸ் விளக்கினார். பூமியின் வளிமண்டல வெளிவிளிம்பிலுள்ள ஹைட்ரஜனிலும் அதேதான் நடக்கிறது. நிலாவின் இருண்ட பக்கத்தில் தெரிந்த கதிரும், நாட்கணக்கில் ஏறி இறங்கிய பின்னணியும் அதன் வேலைதான். பீர்மான் வால்மீனைப் பார்த்துச் சூரியக் காற்றைக் கணித்தார், அவர் வழிவந்த நிறுவனம் அந்தக் காற்றே தன் அளவுகளில் கலந்திருப்பதை மறுபடி ஒரு வால்மீனால் அறிந்தது. இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

அப்படியானால் குமிழி உண்மையில் இருக்கிறதா என்ற ஐயம் எழுந்தது. 2012 டிசம்பரில் மயாமி பல்கலைக்கழகத்தின் மாசிமிலியானோ காலியாட்சி குழுவினர் இதற்கென்றே ராக்கெட் அனுப்பி அளந்தார்கள். மண்டலத் தட்டின் திசையில் வரும் கால் கே.இ.வி. ஒளியில் 40 விழுக்காடு அளவுக்குச் சூரியக் காற்றின் பங்கு, மீதி குமிழியினுடையது. குமிழி பிழைத்தது.

ரோசாட் பிழைக்கவில்லை. 1991 ஜனவரியிலேயே ஒருமுறை திசை தவறிச் சூரியனை வருடி ஓர் உணர்கருவியை இழந்திருந்தது. மாற்றாக இருந்த இன்னொன்றை வைத்துக்கொண்டு தொடர்ந்தார்கள். 1998-இல் மறுபடியும் சூரியன் உள்ளே விழுந்தது. 1999 பிப்ரவரியில் அணைத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் ஊமையாகச் சுற்றியது. 2011 அக்டோபர் 23, ஞாயிற்றுக்கிழமை காலை, இந்திய நேரம் 7 மணி 20 நிமிட வாக்கில் வங்காள விரிகுடாவின்மேல் வளிமண்டலத்துக்குள் விழுந்தது. எரியாமல் தப்பக்கூடிய மிகக் கனமான துண்டு அந்த ஆடிதான் என்று முன்கூட்டியே கணக்கிட்டிருந்தார்கள். செய்தியைக் கேட்ட அன்று மாலை கடற்கரைக்குப் போய் வெகுநேரம் நின்றேன்.

அதன் வாரிசு ஈரோசிடா. பீட்டர் பிரேடல் தலைமையில் கார்ஷிங் கட்டியது. ஏழு ஆடித் தொகுதிகள், ஒவ்வொன்றிலும் 54 குழல் அடுக்குகள். ரஷ்ய விண்கலத்தில் ஏறி 2019 ஜூலை 13-ஆம் தேதி பைக்கனூரிலிருந்து கிளம்பி, 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிலைகொண்டது. பூமியின் ஹைட்ரஜன் விளிம்பு அங்கே எட்டாது. நிலாவின் இருண்ட பக்கத்தை மினுக்கிய அந்தத் தொல்லையின் பெரும் பங்கு அதனால் ஒழிந்தது. மைக்கேல் யோங் என்ற இளம் ஆய்வாளரும் சகாக்களும் பெரிய மூலக்கூறு முகில்கள் சிலவற்றின் நிழலை இதில் படித்து, முன்னால் உள்ள ஒளியைப் பிரித்தெடுத்து, 2024-இல் குமிழியின் வெப்பத்தையும் வடிவத்தையும் வரைந்து காட்டினார்கள். குமிழியின் வடக்கும் தெற்கும் ஒரே வெப்பத்தில் இல்லை. சென்டாரஸ் திசையில் வெப்ப வாயு குகைபோல நீண்டு போகிறது.

வானம் முழுவதையும் நான்கு முறை வருடி, ஐந்தாவது முறை பாதியில் இருந்தபோது உக்ரைன் போர் தொடங்கியது. 2022 பிப்ரவரி 26-ஆம் தேதி ஈரோசிடாவை உறங்க வைத்தார்கள். முதல் ஆறு மாத அளவுகளை 2024 ஜனவரி 31-ஆம் தேதி எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். ஏறத்தாழ 9 லட்சம் மூலங்கள் அதில் உண்டு. நம் மன்றத்து மாணவர்கள் கணினியில் இறக்கிப் பார்க்கலாம், கெமிலியான் முகில்களில் தொடங்குங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் திறந்தது பாதி வானம்தான். மண்டல மையத்திலிருந்து கோடு கிழித்து மேற்குப் பாதி ஜெர்மனிக்கு, கிழக்குப் பாதி ரஷ்யாவுக்கு என்பது இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தம். டிராக்கோ முகில் கிழக்குப் பாதியில் இருக்கிறது. அதன் நிழல் வேண்டுமென்றால் இப்போதைக்கு ரோசாட்டின் பழைய அளவுகளுக்குத்தான் போக வேண்டும். அவை கார்ஷிங் ஆவணக் காப்பகத்தில் அப்படியே இருக்கின்றன.